ஐம்பத்தெட்டாம் குழியில் ஒரு தூசி

எங்கள் ஆய்வகத் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'முடிஞ்சிருச்சு'. எதைக் கேட்டாலும் அவர் வாயில் வருவது அந்த ஒரு சொல்தான். ஆரம்பிக்காத வேலைகூட அவர் கணக்கில் முடிந்திருக்கும். அதை நிஜமாக முடிக்க வேண்டிய நானோ மூன்று வருடமாக ஒப்பந்தத்தில் அல்லாடிக்கொண்டிருந்தேன்.

வேலை இதுதான். எந்தக் காலத்திலோ செத்துப்போன ஒரு வெள்ளெலியின் சூல்பையிலிருந்து எடுத்த செல்கள் இன்றும் சாகாமல் பெருகுகின்றன. உடம்பில் ஒரு புரதம் இல்லாமல் பிறக்கும் குழந்தைகளுக்கு ஊசியில் ஏற்ற, அந்தப் புரதத்தை இந்தச் செல்களை வைத்துத்தான் செய்கிறோம். எல்லாச் செல்லும் உழைக்காது. சில தின்றுவிட்டுப் பெருகும், அவ்வளவுதான். எங்கள் நிர்வாக மாடியைப் போல. அதனால் சின்னச் சின்னக் குழிகள் உள்ள தட்டில் குழிக்கு ஒரு செல்லாக விட்டு, நல்ல உழைப்பாளியின் வம்சத்தை மட்டும் வளர்க்க வேண்டும். குழியில் இருந்தது ஒரே செல்தான் என்பதற்கு முதல் நாள் போட்டோ அத்தாட்சி. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை.

ஐம்பத்தெட்டாம் குழி மற்றவற்றைவிட மூன்று மடங்கு புரதம் கொடுத்தது. முடிஞ்சிருச்சு அதைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார். நான் போட்டோவைத் திறந்தேன். நடுவில் ஒரு செல். ஓரத்தில் இன்னொன்று.

"சார், இதுல ரெண்டு இருக்கு."

"அது தூசிம்மா."

அதே குழியை மறுநாள் எடுத்த போட்டோவைக் காட்டினேன். ஓரத்துப் புள்ளி இரண்டாகியிருந்தது.

"தூசி எங்கயாவது குட்டி போடுமா சார்?"

முகம் சுண்டிப்போகும் என்று பார்த்தேன். அதற்குக் கொஞ்சமாவது வெட்கம் வேண்டுமே. ஓரத்துச் செல் சோம்பேறியாக இருந்தால் சில மாதத்தில் அதன் வம்சமே செல் வளர்க்கும் தொட்டியை நிரப்பும், மருந்தும் மாறிப்போகும். இதை எனக்குப் பாடமாக எடுத்தவரே அவர்தான்.

"அந்த போட்டோ யாருக்கும் தேவையில்ல. இந்த மாசம் உன்னை நிரந்தரமாக்கச் சொல்லி எழுதப்போறேன். நீ கையெழுத்தப் போடு, முடிஞ்சிருச்சு."

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் லிஃப்டுகளைச் சோதித்துச் சான்றிதழ் கொடுப்பவர்.

"ஒரு புள்ளிக்காகவா இவ்வளவு? நான் என்ன, ஒவ்வொரு கம்பியையும் இழுத்துப் பாத்தா கையெழுத்துப் போடுறேன்?"

அன்றிலிருந்து நான் எங்கே போனாலும் படிக்கட்டுதான். இப்படிப்பட்ட ஆளோடு பன்னிரண்டு வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன் என்று நினைக்கவே எரிச்சலாக இருந்தது.

கையெழுத்துப் போடாமல் பத்து நாள் இழுத்தடித்தேன். பதினோராம் நாள் அரசுப் பரிசோதகர் வந்துவிட்டார். நரைத்த தலை, மெதுவான பேச்சு. போட்டோவைப் பெரிதாக்கி ஓரத்தில் விரல் வைத்தார்.

"இது என்ன?"

"தூசி மேடம்," என்றார் முடிஞ்சிருச்சு, வாயெல்லாம் பல்லாக.

"மறுநாள் போட்டோ?"

"அன்னைக்கு மெஷின் ரிப்பேர் மேடம்."

என்ன சரளம்! நேர்முகத் தேர்வில்கூட அவ்வளவு சரளமாக யாரும் பதில் சொல்லிக் கேட்டதில்லை. பரிசோதகர் அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"போட்டோ பாக்கிறது நீங்கதானே? நீங்க சொல்லுங்க. தூசிதானா?"

அவர் என்னை நம்பித்தான் கேட்டார். அந்த அறையில் அவர் நம்பிய ஒரே ஆள் நான். ஓரத்துப் புள்ளி இரண்டான படம் என் கணினியில்தான் இருந்தது, எட்டி எடுக்கும் தூரத்தில்.

"தூசிதான் மேடம்," என்றேன்.

அவர் தலையசைத்துக் கோப்பை மூடினார். அங்கேயே கையெழுத்தும் போட்டேன்.

அந்த மாதமே நிரந்தரமானேன். தனி அறை கொடுத்தார்கள். என் கண்ணைப் போல ஒரு கண் கிடையாது என்று முடிஞ்சிருச்சு போகிற இடமெல்லாம் புகழ்கிறார். சந்தேகமான போட்டோ எதுவானாலும் இப்போது நேரே என் மேசைக்குத்தான் வருகிறது.

நேற்று ஒன்றில் மூன்று செல்கள் இருந்தன. இரண்டைத் தூசி என்று எழுதிக் கொடுத்தேன்.