நாலு பேர் தூக்க வேண்டாம்

என் வீட்டுக்காரர் கொத்தனார்தான், ஆனால் நினைப்பு மகாராஜா என்று. சாரத்திலிருந்து விழுந்ததில் கால் இரண்டும் விளங்காமல் போய் மூன்றாவது மாடியில் கிடந்தாரே, அப்போதும் மீசை முறுக்குவதை விடவில்லை. எங்கள் கட்டடத்தில் லிப்ட் கிடையாது. படிக்கட்டில் எதிரே ஆள் வந்தால் வயிற்றை எக்கிக்கொண்டுதான் வழிவிட வேண்டும்.

அன்று வேதக்கோயிலில் எங்கள் ஒரே மகளுக்குக் கல்யாணம். வெள்ளை உடுப்போடு அப்பாவின் கட்டிலருகே நின்றிருந்தாள். அவரை நாற்காலியில் உட்காரவைத்து இறக்கிவிடலாம் என்று கூட வேலை பார்த்த நாலு பேர் கயிறும் கையுமாக வந்திருந்தார்கள்.

"நாலு பேர் தூக்கிட்டுப் போறது மனுசனுக்கு ஒரே ஒரு தடவைதான். நல்ல நாளும் அதுவுமா அதுக்கு ஒத்திகையா?" என்றார்.

வந்தவர்கள் முகம் சுண்டிப்போய்க் கீழே இறங்கிவிட்டார்கள்.

"பெரியப்பா கையைப் பிடிச்சிட்டுப் போம்மா," என்றார் மகளிடம்.

"நீங்க வராம நான் கோயிலுக்குள்ள கால் வைக்க மாட்டேன்," என்று அவள் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பனுக்குப் பிள்ளை தப்பாமல் பிறந்திருக்கிறது.

எனக்கு வந்ததே ஆத்திரம். வேதாகமத்தில் ஆண்டவர் கழுதைமேல் ஏறி நகருக்குள் வந்த பகுதியை வருஷா வருஷம் கோயிலில் வாசிப்பவர் இவர். ராஜா வருகிறார் என்கிற இடத்தில் கூரை அதிரும். அந்தக் கழுதையை இரவல் கேட்டு ஆளனுப்பிய இடத்தில் மட்டும் குரல் கிணற்றுக்குள் போய்விடும்.

"கழுதை கேட்ட இடத்துல உங்க குரல் ஏன் இறங்குது தெரியுமா?" என்றேன். "கேக்கறதுன்னா உங்களுக்குக் கசக்கும். ஊர்ல யாருக்குச் சுவர் இடிஞ்சாலும் ஓடுவீங்க. உங்களுக்கு ஒண்ணுன்னா வாய்க்குப் பூட்டு. குடுத்துக்கிட்டே இருக்கறதும் ஒரு தலைக்கனம்தான். ஆண்டவர் ராஜா. ஒரு கழுதைகூடச் சொந்தமில்ல. வேணும்னு கேட்டார். கேட்டதால குறைஞ்சா போயிட்டார்?"

மீசைக்குப் போன கையை அவர் இறக்கிக்கொண்டார். மகள் மூக்கை உறிஞ்சினாள்.

"கீழ ரொட்டிக்கடைக்காரன் இருக்கானா பாரு," என்றார் கடைசியில்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அடுப்புப் புகைச் சண்டையில் அந்த மனுஷனை, "பொதி சுமக்கிற கழுதை" என்று படிக்கட்டே கேட்கத் திட்டியவர் இவர். அதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை இல்லை. ஆனால் மாவு மூட்டையை முதுகில் போட்டுக்கொண்டு மாடிக் கிடங்குக்கு நாள் தவறாமல் ஏறி இறங்குகிறவர் அவர்தான். அந்தப் படிக்கட்டு அவருக்கு அத்துப்படி.

கூப்பிட்டதும், மாவு அப்பிய கையோடு வந்து வாசலிலேயே நின்றார். என் வீட்டுக்காரர் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"தம்பி, உன்னை வாய்க்கு வந்தபடி பேசினது தப்பு. இன்னிக்கு எனக்கு நீ வேணும். என்னைத் தூக்கிட்டுப் போறியா?"

அந்த ஒரு கேள்வியைக் கேட்பதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது.

"கழுதைன்னு பேர் வச்சதே நீங்கதானேண்ணே. ஏறுங்க," என்று அவர் குனிந்து முதுகைக் காட்டினார்.

முதுகில் ஏறி வந்தவரைக் கோயில் வாசலில் பார்த்தவர்களில் சிலர் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். தோளுக்கு மேலே தொங்கிய அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு மகள் உள்ளே நடந்தாள். "மெதுவா போங்க மாமா," என்று ரொட்டிக்கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டே போனாள்.

இந்தப் பெண்ணைக் கொடுப்பவர் யார் என்று போதகர் கேட்டார். 'நான்' என்பதுதான் அதற்குப் பதில். வீட்டில் இவர் அதை எத்தனையோ தடவை நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிப் பார்த்திருக்கிறார்.

மாவு ஒட்டிய சட்டையோடு, இன்னொருவர் முதுகில் இருந்தபடி, "நாங்க குடுக்கறோம் ஐயா," என்றார்.

மூச்சு வாங்கிக்கொண்டே ரொட்டிக்கடைக்காரரும், "ஆமாங்க ஐயா," என்றார்.