ஏர் சஸ்பென்ஷனும் என் மடியும்

"அக்கா முன்னாடி உட்காரட்டும்மா. பின்னாடி உட்கார்ந்தா அவளுக்குத் தலை சுத்தும்."

"சரிங்க. அதுக்கென்ன."

கல்யாணமான புதிதில், மூவரும் முதல்முறையாகக் காரில் கிளம்பியபோது எனக்கும் அவருக்கும் நடந்த பேச்சு இவ்வளவுதான். 'அதுக்கென்ன' என்று நான் சொன்னது அந்த ஒரு நாளுக்கு. அவர் அதை ஆயுசுக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டார்.

அப்போது இருந்தது யாரோ ஓட்டிக் களைத்த பழைய சின்னக் கார். பிறகு புதிது வந்தது. அதை விற்று அதைவிடப் பெரியது வந்தது. ஒவ்வொரு முறையும் சாவியை வாங்கியதும் அவர் ஓட்டுநர் இருக்கையில் உட்காருவார், அண்ணி சுற்றி வந்து அவருக்குப் பக்கத்துக் கதவைத் திறப்பார், நான் பின்னால் ஏறுவேன். யாரும் யாரையும் எதுவும் கேட்டுக்கொள்வதில்லை.

அண்ணி என்றால் அவருடைய அக்கா. எங்கள் வீட்டின் கீழ்ப்பகுதியில் இருக்கிறார். அவர் கணவருக்குக் கப்பலில் வேலை. வந்தால் வருவார், போனால் மாதக்கணக்கு. என் கணவர் கட்டடங்கள் கட்டிக் கொடுப்பவர். அவருடைய அலுவலகத்தைக் கட்டிக் காப்பது அண்ணி. தினமும் காலையில் மூவரும் ஒரே காரில்தான் போவோம். அந்த அலுவலகத்தின் பின்னறையில்தான் என் பட்டறை. அவர் கட்டப்போகும் கட்டடங்களை நான் முதலில் அட்டையிலும் மெல்லிய மரப்பலகையிலும் மேசையகலத்துக்குக் கட்டிவிடுவேன். பால்கனி, படிக்கட்டு, ஸ்பாஞ்சைச் சாயத்தில் முக்கிச் செய்த மரங்கள், விரல்நுனி உயரத்துக்கு மனிதர்கள். கட்டடத்துக்குச் சொந்தக்காரர் அதைக் குனிந்து பார்த்துவிட்டு, "இந்த ஜன்னல்ல நான் நிக்கிற மாதிரியே இருக்கே" என்று சொல்லிவிட்டால் வேலை எங்களுக்குத்தான்.

அந்த மாடல்களைக் கொண்டுபோவதுதான் பெரும்பாடு. சாலையில் ஒரு மேடு ஏறி இறங்கினால் மரமெல்லாம் பெயர்ந்துவிடும். அதனால் பின் சீட்டில் உட்கார்ந்து, மடியில் வைத்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு போவேன். பச்சைக்குழந்தையைக்கூட யாரும் அப்படிக் கொண்டுபோயிருக்க மாட்டார்கள். ஆகவே நான் பின்னால் உட்கார இப்போது காரணங்கள் இரண்டாகிவிட்டன. மாடல் இல்லாத நாட்களில்? அன்றைக்கும் பின்னால்தான். பழக்கம் என்பது காரணமில்லாமலும் ஓடும்.

எனக்கு அண்ணியைப் பிடிக்காது என்று சொன்னால் அது பொய். வீட்டில் பிடிக்கும். அலுவலகத்தில் பிடிக்கும். எனக்குக் காய்ச்சல் வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து தலையைப் பிடித்துவிட்டவர். காருக்குள் மட்டும் பிடிக்காது. கதவைச் சாத்தியதும் அந்தப் பெண்மணி வேறு ஆளாகிவிடுவார், அல்லது நான் ஆகிவிடுவேன்.

அவருடைய கறுப்புக் கண்ணாடி முன் தட்டில் கிடக்கும். தலைவலித் தைலமும் அங்கேதான். இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி, சாய்த்து, தன் உடம்புக்கு வார்த்துவைத்திருப்பார். என் முழங்கால் அதில் இடிக்கும். அக்காவும் தம்பியும் கிளம்பினதிலிருந்து பேசிக்கொண்டே வருவார்கள். பாதிதான் எனக்குக் கேட்கும். திடீரென்று இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

"என்னங்க?" என்பேன்.

"ஒண்ணுமில்லம்மா, பழைய கதை."

பழைய கதை. நான் வருவதற்கு முந்தைய கதை. அதில் எனக்குச் சீட்டே கிடையாது. பின்னால் வருவதைப் பார்க்கும் கண்ணாடியில் அவர் நெற்றி மட்டும் தெரியும். எத்தனை பெண்களுக்குப் புருஷனின் நெற்றியை இவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

வாடகைக் காரில் போகும் நாட்களில் அண்ணி பின்னால் என்னோடு உட்கார்ந்து குறட்டை விடுவார். தலை சுற்றியதாக ஒரு நாளும் கேள்விப்பட்டதில்லை. அதையும் நான் மனதில் முடிந்து வைத்திருந்தேன்.

ஒருமுறை அண்ணியின் கணவர் கப்பலிலிருந்து ஊருக்கு வந்திருந்ததால் அண்ணி எங்களோடு வரவில்லை. காலையில் சீக்கிரமே கிளம்பி, கொஞ்சம் கண்ணுக்கு மைகூட இட்டுக்கொண்டு, கீழே இறங்கினேன். முன் சீட்டில் அவருடைய வரைபடச் சுருள்கள் நீட்டிப் படுத்திருந்தன. அவர் எனக்காகப் பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் அவ்வளவு பிரியம். என்ன சொல்வது? ஏறிக்கொண்டேன்.

கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டால் என்ன கேட்பது? ஒரு சீட். படித்த பெண், சொந்தமாகத் தொழில் செய்கிறவள், ஒரு சீட்டுக்காக மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டாள் என்று ஆகிவிடும். பெரிய விஷயமாக இருந்தால் சண்டை போடலாம். இது சண்டைக்கும் காணாத விஷயம். அதனால்தான் தொண்டையிலேயே தங்கிப்போனது.

இந்த நிலையில்தான் அவர் சொகுசுக் கார் வாங்கப் போவதாக அறிவித்தார். எந்தக் கார், என்ன நிறம் என்பதெல்லாம் ஒரு வாரத்தில் முடிந்துவிட்டது. ஒரே ஒரு கேள்வியில் வண்டி நின்றுவிட்டது. சாதாரண ஸ்பிரிங் வைத்ததா, ஏர் சஸ்பென்ஷன் வைத்ததா?

சாப்பாட்டு மேசையில் அதே பேச்சு. இரும்புச் சுருளுக்குப் பதிலாக நான்கு சக்கரத்துக்கும் காற்றடைத்த ரப்பர் பைகள், மேட்டைக் கண்டால் பட்டனை அழுத்தி வண்டியையே தூக்கிக்கொள்ளலாம், எவ்வளவு பாரம் ஏற்றினாலும் பின்பக்கம் தாழாது என்று அவர் எனக்குப் பாடம் எடுத்தார். பழைய காரைப் பார்க்க வந்த மெக்கானிக்கையும் விடவில்லை.

"சொகம் சொகம்தான் சார், இல்லேன்னு சொல்ல மாட்டேன்," என்றார் மெக்கானிக். "ஆனா வாரண்டி முடிஞ்சப்புறம் பை கசிய ஆரம்பிச்சா, காலையில வந்து பாக்கும்போது வண்டி ஒரு பக்கமா உக்காந்திருக்கும்."

"நானும் காலையில அப்படித்தான் ஒரு பக்கமா உக்காந்திருக்கேன்," என்றார் அண்ணி. "எனக்கு யாரு காத்தடிக்கிறது?"

அண்ணிக்கு இந்த வருஷம் இடுப்புப்பக்க முதுகெலும்பில் வலி வந்திருந்தது. டாக்டர் அதிரக்கூடாது என்று சொல்லியிருந்தார். எனக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. ஏர் சஸ்பென்ஷன் யாருக்காக? அக்காவின் இடுப்புக்காக. இதுவரை முன் சீட்டை மட்டும் கொடுத்தார், இனி அதற்கு அடியில் மெத்தையும் போட்டுக் கொடுக்கப்போகிறார்.

அன்று முழுக்க என் கை ஓடவில்லை. மூன்றாவது மாடியைத் தலைகீழாக ஒட்டிவிட்டேன்.

ஓட்டிப் பார்க்கும் நாள் வந்தது. "மாடல் ஒண்ணு எடுத்துக்கம்மா, வெச்சுப் பாத்துடலாம்," என்றார் அவர். கட்டடச் சொந்தக்காரர் மனம் மாறியதால் கிடப்பில் கிடந்த ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை எடுத்துக்கொண்டேன்.

என் தொழிலில் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. எல்லாவற்றையும் ஒட்டிவிட்டு, வாசல் கேட்டருகே ஒரே ஒரு மனிதனை மட்டும் ஒட்டாமல் நிற்க வைப்பேன். அவனுக்கு வாட்ச்மேன் என்று பெயர். போய்ச் சேரும்போது அவன் நின்றுகொண்டிருந்தால் உள்ளே எல்லாம் பத்திரம் என்று அர்த்தம். விழுந்திருந்தால் பசையை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மரமாகத் தேட வேண்டியதுதான்.

முதலில் ஸ்பிரிங் வைத்த கார். விற்பனைப் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முன்னால் யார் என்று சொல்லவும் வேண்டுமா?

"மேடம், பொம்மை வீடா?"

"நாப்பது குடும்பம் இருக்கிற பொம்மை வீடு," என்றேன்.

ஷோரூமைச் சுற்றி ஒரு பள்ளிக்கூடத் தெரு, இரண்டு வேகத்தடை, ஒரு ரயில்வே கேட். வண்டி நன்றாகத்தான் போனது. தண்டவாளத்தில் மட்டும் கொஞ்சம் தட்டியது. வாட்ச்மேன் நின்றான்.

அடுத்து ஏர் சஸ்பென்ஷன் கார். எனக்குப் பொறாமை எவ்வளவு இருந்தாலும் கண் அவியவில்லை, சொல்லத்தான் வேண்டும். வேகத்தடை வந்ததும் போனதும் தெரியவில்லை. இந்த வண்டிக்குச் சக்கரம் பெரிதாம், அதனால் சின்னக் குழிகளில் மட்டும் 'டக்' என்று ஒரு சத்தம். மற்றபடி படகில் போவதுபோல இருந்தது.

"தம்பி," என்றார் அண்ணி கண்ணை மூடிக்கொண்டு, "என்னை இங்கயே விட்டுட்டு நீங்க ரெண்டு பேரும் வீட்டுக்குப் போங்க."

அவர் சிரித்தார். நான் மாடலை இறுக்கிப் பிடித்தேன். ஒரு பால்கனிக் கம்பி கையோடு வந்துவிட்டது.

"வாட்ச்மேன் நிக்கிறானா?" அவர் கேட்டார்.

"நிக்கிறான்."

"ரெண்டுலயும் நின்னுட்டானே," என்று யோசித்தார் அவர். "அப்ப வித்தியாசமே இல்லையா?"

அண்ணி வெயில்தடுப்பை இறக்கி அதிலுள்ள சின்னக் கண்ணாடியில் பொட்டைச் சரிசெய்துகொண்டிருந்தார். "ஏண்டா, நீ என்ஜினீயருக்குப் படிச்சியா, சும்மா காலேஜுக்குப் போயிட்டு வந்தியா? நான் அப்பலேர்ந்து கண்ணாடியில பாத்துட்டு வரேன். ஒவ்வொரு மேட்டுக்கும் அவ மாடலைத் தூக்கிக்கிறா, இறங்கினதும் இறக்குறா. நீ வண்டியை டெஸ்ட் பண்றியா, உன் பொண்டாட்டி கையை டெஸ்ட் பண்றியா?"

விற்பனைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் என் கைகளைப் பார்த்தேன். எனக்கே தெரியாது. இத்தனை வருஷமாக மேடு கண்ணில் படுவதற்கு முன்பே என் கை எழுந்திருக்கிறது. அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. பார்த்தவர் அண்ணி. அதற்காகவும் எனக்கு அவர்மேல் பொறாமையாக இருந்தது. அந்தச் சின்னக் கண்ணாடியில் முன் சீட்டுக்காரிக்குத்தான் எல்லாம் தெரிகிறது.

வண்டியை ஓரம் கட்டினார்கள். மாடலைப் பின் டிக்கியில் ரப்பர் விரிப்பு போட்டு வைத்துவிட்டு, அதே சுற்று மறுபடி. ஷோரூமில் இறங்கித் திறந்து பார்த்தால் வாட்ச்மேன் கேட்டில் சாய்ந்து நின்றான், வேலை நேரத்தில் கண்ணயர்ந்தவன் மாதிரி. மரங்கள் அத்தனையும் இருந்த இடத்தில் இருந்தன. ஸ்பிரிங் காரின் டிக்கியிலும் வைத்து ஒரு சுற்று போனோம். அவன் விழுந்தான், மரங்கள் அசையவில்லை.

எனக்கு அந்த இரண்டு சுற்றும்தான் மறக்காது. மடி காலி. கையில் பிடிக்க ஒன்றுமில்லை. எங்கே வைப்பது என்று தெரியாமல் கைப்பையைப் பிடித்துக்கொண்டேன். மாடல் இருந்தவரை அது என்னுடைய இடம், என் வேலை செய்யும் இடம் என்று சொல்லிக்கொள்ளலாம். இப்போது அது வெறும் பின் சீட்டு. முன்னால் அவர்கள் ஏதோ பேசினார்கள், சிரித்தார்கள். நான் "என்னங்க" என்று கேட்கவில்லை.

ஷோரூமில் குளிர்ந்த நாற்காலிகளில் உட்கார வைத்தார்கள். அண்ணி அந்த ஏர் சஸ்பென்ஷன் வண்டியை விட மனமில்லாமல் மறுபடி அதில் ஏறிக்கொண்டு, "என் முதுகு உள்ளயே இருக்கட்டும்" என்று கண்ணாடிக் கதவுக்கு வெளியே முன் சீட்டிலேயே இருந்தார்.

"எதை புக் பண்ணலாம் சார்?"

அவர் என்னைப் பார்த்தார். "நீ சொல்லும்மா."

"நான் என்ன சொல்றது. அண்ணி இடுப்புக்கு எது நல்லதோ அதை எடுங்க."

சொன்ன பிறகுதான் குரல் எனக்கே கசந்தது. அவர் புரியாமல் விழித்தார்.

"அக்கா இடுப்புக்கா? அவளைத் தண்ணி லாரியில ஏத்தினாலும் தூங்கிட்டே வருவா. யாரு சொன்னா அவளுக்குன்னு?" நாற்காலியை என் பக்கம் இழுத்துப்போட்டுக்கொண்டார். "உனக்காகத்தான் இவ்வளவு அலையுறேன். எவ்வளவு வருஷமா மடியில வெச்சுக்கிட்டு ஆடாம அசையாம வர்ற. அதான் பின் சீட்டையே பாத்துப் பாத்துக் கேட்டேன். பின்னாடி உனக்குத் தனி ஏசி, சீட் சாயும், கால் நீட்டிக்கலாம், கீழ காத்துப் பை. இனிமே பின்னாடி நீ ராணி மாதிரி உக்காந்து வரலாம்."

விற்பனைப் பெண் என்னைப் பார்த்து, 'கொடுத்துவைத்தவர்' என்பதுபோலச் சிரித்தாள்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அக்காவுக்காக என்று அவர் சொல்லியிருந்தால் இன்னும் பத்து வருஷம் பொறுமிக்கொண்டே வந்திருப்பேன். இவர் என்னை நினைத்திருக்கிறார். நினைத்து நினைத்து, ஆசை ஆசையாக, எனக்கென்று ஒரு சிம்மாசனம் செய்து, அதைத் தனக்குப் பின்னால் போட்டிருக்கிறார். நான் அதில் ஏறி உட்கார்ந்துவிட்டால் பிறகு இறங்க வழியே கிடையாது. எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் அங்கிருந்து தெரியப்போவது அதே நெற்றிதான்.

"ஏம்மா, பிடிக்கலையா? ஸ்பிரிங்கே போதுமா?"

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கு."

"பின்ன என்ன?"

அண்ணி வெளியே தைல டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். விற்பனைப் பெண் பேனாவோடு காத்திருந்தாள். இவ்வளவு அற்பமான ஒன்றை இத்தனை பேர் நடுவில் கேட்க வேண்டியிருக்கிறதே என்று காது சுட்டது.

"காத்து வெச்சதோ கம்பி வெச்சதோ, உங்களுக்குப் பிடிச்சதை எடுங்க. மாடல் டிக்கியில வரட்டும்," என்றேன். "எனக்கு முன்னாடி உக்காரணுங்க. உங்க பக்கத்துல."