பீச் மரத்தடியில் சூனியம்

…சிரித்துவிடக் கூடாது, இன்றைக்கு அது ஒன்றுதான் முக்கியம், மனித இருப்பின் வெறுமையை எழுதியவன் பல்லைக் காட்டினால் யார் நம்புவார்கள், ஆனால் நாற்காலி போதவில்லையே, நூலகர் ஸ்வோன்கா குழந்தைகள் பகுதியிலிருந்து குட்டி நாற்காலிகளை வேறு இழுத்து வந்து போடுகிறாளே, போன புத்தகத்தின் வாசிப்புக் கூட்டத்துக்கு வந்தவர்கள் அவளும் அவன் மனைவி யெர்னேயாவும் குளிருக்கு ஒதுங்கிய ஒரு கிழவரும்தான், இன்றைக்குப் பாரேன், தீயணைப்புக் குழுவே வந்திருக்கிறது, தேனீ வளர்ப்பவர்கள், கசாப்புக்காரர்… கோராஸ்த், உன் நேரம் வந்துவிட்டது, போஹோர்யே மலையடிவாரத்து ஊர் ஒன்று ஒருவழியாகச் சூனியத்தைப் புரிந்துகொள்ளத் தயாராகிவிட்டது! கறுப்புச் சட்டை போட்டது நல்லதாய்ப் போயிற்று, தாடையில் கை வைத்துக்கொள்ளலாமா, வைத்தால் பல்வலி என்று நினைப்பார்களோ… மூன்றாவது வரிசையில் தலைநகர் லூப்லியானாவிலிருந்து வந்த விமர்சகர், இந்த வெயிலிலும் கழுத்துத் துண்டு, அவர் ஒரு கட்டுரை எழுதிவிட்டால் போதும், இந்த ஊர் அவனை எழுத்தாளன் என்று ஒப்புக்கொண்டே ஆகவேண்டும், முன் வரிசையில் கையைக் கட்டி உட்கார்ந்திருக்கும் மாமனார் லுத்விக் உட்பட. உருப்படியா எப்ப மாப்ள எழுதப் போற என்று ஒவ்வொரு ஞாயிறும் சூப்புக்கு நடுவே கேட்கிற மனிதர், அழைக்காமலே வந்திருக்கிறார், கோட்டு வேறு போட்டுக்கொண்டு!

போன மாதமே வெளிவந்துவிட்ட புத்தகத்திலிருந்து வாசித்தான். கதையின் பெயரற்ற நாயகன் காட்டுக்குள் நடக்கிறான், மலைப்பாதைச் சிற்றாலயத்தைத் தாண்டி, ஓடையின் இடது கரையில், மின்னல் விழுந்த, வழுவழுப்பான சாம்பல் பட்டைப் பீச் மரத்தடியில் நிற்கிறான், காலடியில் யுர்ச்செக் காளான்கள், தடித்த வெள்ளைத் தண்டும் பழுப்புக் குடையுமாகக் கூட்டம் கூட்டமாக, பார்க்கிறான், பறிக்காமல் திரும்புகிறான், ஏனென்றால் பறிப்பதற்கும் பறிக்காமல் விடுவதற்கும் வித்தியாசம் இல்லை… அந்த இடத்தில் அரங்கமே மூச்சை அடக்கியது, யாரோ முனகவே செய்தார்கள், அப்பாடா, தொட்டுவிட்டோம், பிரபஞ்சத்தின் மௌனம் கசாப்புக்காரரையும் தொட்டுவிட்டது, கண்ணில் நீர்கூட வந்துவிட்டது அவனுக்கு, துடைக்கவில்லை, விமர்சகர் பார்க்கட்டும். ஸ்வோன்கா கைதட்டி, "கேள்வி இருந்தா கேக்கலாம்" என்றதும் எத்தனை கைகள்! குட்டி நாற்காலியில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்த அம்மாள் மலையேறும் சங்கத்தின் வரைபடத்தை மடியில் விரித்தாள். "எழுத்தாளரே, சிற்றாலயம்னா மேல இருக்கறதா, கீழ இருக்கறதா?" அது ஒரு குறியீடு, மனத்துக்குள் இருக்கிற ஆலயம் என்று தொடங்கினான், "மனசுல யுர்ச்செக் முளைக்காதுய்யா, மேலயா கீழயா?" என்றார் பின்னாலிருந்து ஒருவர், சிரிப்பு, "கீழதான், நான் போன வாரமே போய்ப் பாத்துட்டேன், வழிச்சு எடுத்துட்டுப் போயிருக்கானுங்க" என்று இன்னொருவர், கசாப்புக்காரர் எழுந்தே விட்டார். "அதெல்லாம் விடுங்க. பாத்துட்டுப் பறிக்காம வந்தானாம்! மனுசனா அவன்? எல்லாம் எழுதினீங்க, சரி, இதை எப்படி நாங்க நம்பறது?"

ஆக இதற்குத்தானா… நாற்காலியெல்லாம் இதற்குத்தானா… ஆனால் இதயம் ஏன் இன்னும் குதிக்கிறது, கேவலம், அவர்கள் படித்திருக்கிறார்களே, வரிக்கு வரி, இடது கரை என்பதைக்கூட விடாமல், எந்த விமர்சகன் அவனை இப்படிப் படித்தான்? அப்போதுதான் லுத்விக் எழுந்தார், சலசலப்பு அடங்கியது, ஏனென்றால் அது யாருடைய இடம் என்று ஊரில் எல்லோருக்கும் இப்போது தெரியும், காளான் முளைக்கும் இடத்தை இங்கே யாரும் உயிரே போனாலும் சொல்லமாட்டார்கள், மகளைக் கொடுக்க ஒரே மாதத்தில் சம்மதித்தவர் அந்தப் பீச் மரத்தைக் காட்டப் பல வருஷம் யோசித்தார், காட்டிய அன்று தோளில் கை வைத்து, இனி நீ என் பிள்ளை என்றார், அவன்? நல்ல யதார்த்த விவரம் என்று எழுதிவிட்டான், அவ்வளவுதான், கெட்ட எண்ணமே இல்லை, கதையில் எந்த மரமாக இருந்தால் என்ன… ஓக் என்று எழுதியிருக்கலாம், வலது கரை என்றாவது எழுதியிருக்கலாம்.

"மாப்ள," என்றார் லுத்விக், குரல் உயரவில்லை, "ஒண்ணுலயும் ஒண்ணுமில்லன்னு எழுதியிருக்க. சரி. எதையும் ஒளிக்கிறதுல அர்த்தமில்ல. அதுவும் சரி. உனக்குன்னு யாருக்கும் சொல்லாத இடம் ஒண்ணாவது இருக்கா? இல்லேன்னா இல்லேன்னு சொல்லு, நான் உன்னை மன்னிச்சிர்றேன்."

"இல்ல மாமா." எவ்வளவு சட்டென்று வந்தது, எவ்வளவு கணீரென்று, விமர்சகர் தலையாட்டி எதையோ குறித்துக்கொண்டார், ஆனால் அந்தச் சொல் வாயை விட்டுப் போகும்போதே கண்ணுக்குள் பழைய கல்குவாரிக்குப் பின்னாலுள்ள சரிவு, ஸ்ப்ரூஸ் மரங்கள், பாசி, போன இலையுதிர் காலத்தில் தற்செயலாகக் கால் வைத்த இடம், யெர்னேயாவிடம்கூடக் காளானைக் கடையில் வாங்கினேன் என்றுதானே சொன்னான், பறித்த தழும்பை இலை போட்டு மூடிவிட்டு வந்தானே, குனிவதற்கு முன் நாலு பக்கமும் பார்த்தானே, வித்தியாசம் எதுவும் இல்லாத உலகத்தில் யாரைப் பார்த்தான், எதற்குப் பார்த்தான்… ஜன்னலில் டக் டக்கென்று ஏதோ விழுந்தது, மழை, வெதுவெதுப்பான ஆகஸ்ட் மழை, பிறகு சடசடவென்று பிடித்துக்கொண்டது, தீயணைப்புக்காரர்கள், கசாப்புக்காரர், வரைபட அம்மாள், ஸ்வோன்காகூட, எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பி, அவரவர் காட்டுக்குள் தனித்தனியாகப் போய்விட்டார்கள், ஒவ்வொரு முகத்திலும் திருட்டுத்தனமான ஒரு வெளிச்சம், இரண்டு நாள், மூன்று நாள், வெயில் மட்டும் கொஞ்சம் அடித்தால் முளைத்துவிடும்… சிரித்துவிட்டோமோ? கன்னம் இழுப்பது தெரிந்தது, அடக்க முடியவில்லை, மழையைப் பார்க்காத ஒரே ஆள் லுத்விக், அவர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.