ஈரமணல் பானை

செல்போனைச் செத்த நேரம் கவுத்தி வையுங்க கண்ணுகளா. நாற்காலியை இழுத்துப் போட்டு இப்படிப் பக்கத்துல வாங்க. எனக்குச் சத்தமாச் சொல்ல ஏலாது, இது சத்தமாச் சொல்லுற கதையும் இல்லை. புருசன் உயிரைக் காப்பாத்த ஒருத்தி சொன்ன பொய், இன்னொருத்தி காலை வாங்கின கதை. முடிவை முன்னாலேயே சொல்லிட்டாளேன்னு எழுந்திரிச்சிராதீங்க. எப்படி நடந்ததுங்கிறதுலதான் எல்லாமே கிடக்கு.

தேவதானத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி மலையைப் பார்த்து இரண்டு கிலோமீட்டர் நடந்தால் ஒரு தோப்பு வரும். ஆறு வீடு, பதினோரு பேர். மண்சுவர், நாட்டு ஓடு. அடுப்புக்குச் சாண எரிவாயு, வெளிச்சத்துக்கு வீட்டுக்கு ஒரு சோலார் பல்பு. உர மூட்டை கிடையாது, பூச்சி மருந்து கிடையாது, கரண்ட் கம்பி கிடையாது. அவர்கள் அந்த இடத்துக்கு அழகாக ஒரு பெயர் எழுதிப் பலகை மாட்டியிருந்தார்கள். ஊர்க்காரர்களுக்கு அது எப்போதும் 'கரண்ட் இல்லாத தோப்பு'தான்.

நிலம் உக்கிரபாண்டியுடையது. பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு வாங்கி வந்தவர். வந்து மண்ணைக் கிளறிப் பார்த்தால் ஒரு மண்புழு இல்லை. உரம் போட்டுப் போட்டு வெந்துபோன நிலம். நாலு வருசம் இலையும் சாணியுமாகக் கொட்டினார். முதல் மண்புழுவைக் கண்ட அன்றைக்கு அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, பெண்சாதி வெள்ளத்தாயிடம் காட்ட வரப்பு வழியே ஓடிவந்தாராம். அறுபது வயது மனுசன். அதைக் கேள்விப்பட்டுத்தான் ஒவ்வொருத்தராக வந்து சேர்ந்தார்கள். சென்னையில் கம்ப்யூட்டர் வேலையை உதறிவிட்டு வந்த ராஜபாளையத்துக்காரன் கௌதம்ராஜும் அவன் பெண்சாதி அனுசியாவும் முதலில் வந்தவர்கள்.

அங்கே தலைவர் என்று யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாவல் மரத்தடியில் எல்லாரும் உட்காருவார்கள். எந்தக் காரியமானாலும் அத்தனை பேரும் சரி என்றால்தான் நடக்கும். ஒருத்தர் வேண்டாம் என்றால் அதோடு நின்றுவிடும். சண்டை கிடையாது, இரண்டாம் பேச்சு கிடையாது. அந்த வழக்கத்தை வைத்ததும் உக்கிரபாண்டிதான்.

அவருக்குச் சுகர். மாத்திரைக்கு அடங்காமல் போய், இரண்டு வேளையும் இன்சுலின் ஊசி போட வேண்டும், மருந்தைக் குளிர்ச்சியில் வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை வெள்ளத்தாய் முதல்தடவையாக நாவல் மரத்தடியில் வாய் திறந்தாள்.

"ஒரு சின்ன பிரிஜ் வேணும். இவியளுக்காக."

பத்துப் பேரும் சரி என்றார்கள். உக்கிரபாண்டி வேண்டாம் என்றார்.

"அண்ணாச்சி, மருந்துக்குத்தான கேக்கோம். ஐஸ்கிரீமுக்கா கேக்கோம்?" என்றான் கௌதம்ராஜ்.

"இன்னைக்கு எனக்கு மருந்து. நாளைக்கு இன்னொருத்தருக்கு மாவு. பொறவு எதுக்குப்பா மலையடியில வந்து கெடக்கணும்? ராஜபாளையத்துலயே இருந்துக்கலாம்லா. நம்ம பாட்டன் பூட்டன் வெயிலுக்கு என்ன செஞ்சான்னு பாப்போம்."

பெரிய பானைக்குள் சின்னப் பானை. இரண்டுக்கும் நடுவில் ஆற்று மணல். மணலை ஈரமாகவே வைத்திருந்தால் காற்று பட்டு உள்ளே குளிரும். அனுசியாதான் செய்துகொடுத்தாள். உக்கிரபாண்டி உள்ளே கையை விட்டுப் பார்த்துவிட்டுப் பச்சைப்பிள்ளை மாதிரி சிரித்தார். "ஏட்டி, ஐஸ் மாதிரி இருக்கு பாரு!"

சித்திரை வந்தது. மேல்காற்று இன்னும் இறங்கவில்லை, மரத்தில் இலை அசையவில்லை. அவருக்குச் சுகர் நானூறுக்கு ஏறி, வயலில் மயங்கி விழுந்தார். பானையின் குற்றமா, அவர் திருட்டுத்தனமாகத் தின்ற கருப்பட்டியின் குற்றமா, யாருக்குத் தெரியும்? இருந்து பார்த்துத் தெரிந்துகொள்ள வெள்ளத்தாய்க்குத் தைரியம் இல்லை. மறுநாள் காலையில் மருந்து பாட்டிலை முந்தானையில் முடிந்துகொண்டு தேவதானத்துக்கு நடந்தாள்.

பஸ் ஸ்டாப்பை ஒட்டிச் சாம்சனின் டீக்கடை. தோப்பில் கறக்கிற பால் இரண்டு வேளையும் அந்தக் கடைக்குத்தான் போகும், கொண்டுபோகிறவளும் அவள்தான். சாம்சன் தன் பிரிஜ்ஜில் சோடா பாட்டில்களுக்குப் பின்னால் அவளுக்கு ஓர் ஓரம் ஒதுக்கிக் கொடுத்தான். பால் இரண்டு வேளை, ஊசியும் இரண்டு வேளை. கடைக்குள் நின்றே மருந்தை ஊசியில் ஏற்றி, ஈரத்துணியில் சுற்றி, காலிக் கேனுக்குள் வைத்துக்கொண்டு வந்துவிடுவாள். பானைக்குள் இருந்தது தீர்ந்துபோன பாட்டில். அதில் தண்ணீர் நிரப்பி வைத்திருந்தாள். உக்கிரபாண்டிக்குக் கண் மங்கிப்போயிருந்தது. தொட்டுப் பார்ப்பார், சில்லென்றிருக்கும். அவருக்கு அது போதும்.

"என்ன ஆச்சி," என்பான் சாம்சன், "ஒங்க தோப்புல கரண்டே வேண்டாங்கிய. ஒங்க மருந்து என் கரண்டுல குளுகுளுன்னு தூங்குது."

"வாயை மூடுலே. அவிய காதுல விழுந்திரும்."

"ரெண்டு கிலோமீட்டருக்கா விழும்?"

"ஒன் வாய் அம்புட்டுத் தூரம் போகும்."

அவர் தேறிவிட்டார். சுகர் இறங்கியது, கிணற்று மேட்டில் ஏறி நின்று பழையபடி அதட்டினார். எல்லாரும் பானையைப் புகழ்ந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து காலேஜ் பிள்ளைகள் வேன் பிடித்து வந்து பார்த்தார்கள். கௌதம்ராஜ் ஒரு வீடியோ எடுத்துப் போட்டான். நாற்பதாயிரம் பேர் பார்த்ததாகச் சொன்னான். வெள்ளத்தாய் அன்றைக்குச் சோறு வடிக்கும்போது கையைச் சுட்டுக்கொண்டாள்.

அடுத்த வருசம் கார்த்திகையில் பெத்தம்மாள் வந்தாள்.

சேத்தூர்க்காரி. புருசன் இல்லை. மகள் மாரீஸ்வரி வீட்டில் இருந்தாள். நாற்று நடவு, களையெடுப்பு என்று தோப்புக்கு வந்துபோய்ப் பழக்கம். அவளுக்கும் இன்சுலின்தான். "இங்கேயே வந்து கெடந்துரணும்னு மூணு வருசமா ஆசை வெள்ளத்தாயி. இந்த மருந்துச் சனியன்தான் என்னை மக வீட்டு பிரிஜ்ஜோட கட்டிப்போட்டிருந்துச்சு. அதுக்குத்தான் அண்ணாச்சி வழி கண்டுபிடிச்சிட்டாவள்லா!"

உக்கிரபாண்டி தன் கையால் அவளுக்கு ஒரு பானை செய்து கொடுத்தார். அவர் முகத்தைப் பார்த்தாள் வெள்ளத்தாய். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அந்த நாளைக்கு வரவே இல்லை கண்ணுகளா. மார்கழி, தை, மாசி என்று குளிர்ச்சி இருந்த மட்டும் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து களையெடுத்தார்கள், ஒரே இலையில் மாங்காயும் உப்பும் வைத்துத் தின்றார்கள். வெள்ளத்தாய்க்கு அப்படி ஒரு கூட்டு அதுவரை வாய்த்ததில்லை. சொன்னால் பெத்தம்மாள் திரும்பிப் போய்விடுவாளே என்ற எண்ணமும் மனசுக்குள் இருந்தது. அதையும் மறைக்கக் கூடாது.

அந்த வருசக் கோடையில் கிணறு கீழே போய்விட்டது. வீட்டுக்கு நாளொன்றுக்கு மூன்று குடம் என்று நாவல் மரத்தடியில் முடிவானது. பெத்தம்மாள் சிக்கனக்காரி. பானைக்கு ஊற்ற வேண்டிய தண்ணீரில் பாதியைப் பிஞ்சு விட்டிருந்த வெண்டைக்கு ஊற்றினாள். மணல் காய்ந்துபோனால் அது வெறும் பானைதானே? மருந்து கெட்டுப்போனதை யார் கண்டது, நிறம் மாறவில்லை. சுகர் ஏறி மரத்துப்போன காலில் ஒரு கருவை முள் குத்தியது. அவளுக்கு வலிக்கக்கூட இல்லை. செருப்பில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. பத்து நாளில் கால் கறுத்தது. ராஜபாளையத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மாரீஸ்வரி அம்மாவைச் சேத்தூருக்கே கூட்டிக்கொண்டு போனாள்.

ஒரு வியாழக்கிழமை வெள்ளத்தாய் பஸ் ஏறிச் சேத்தூர் போனாள். பெத்தம்மாள் கட்டிலில் சாய்ந்திருந்தாள். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது.

"மூஞ்சியை ஏட்டி இப்படி வச்சிருக்க? போனது என் காலு. செருப்புல பாதி செலவு மிச்சம்," என்று சிரித்தாள்.

வெள்ளத்தாய் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். ஒன்று விடாமல் சொன்னாள். சாம்சன் கடை, பால் கேன், தண்ணீர் பாட்டில்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லாட்டி," என்றாள் கடைசியில். "நானும் உன்கூடப் பால் கேனைத் தூக்கிக்கிட்டு நடந்திருப்பேன்லா."

வெள்ளத்தாய் அழுதாள். பெத்தம்மாள் அழவில்லை.

"அண்ணாச்சிக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா."

"அப்ப இன்னும் வாரவங்களுக்கெல்லாம் பானையைக் காட்டிக்கிட்டுத்தான் இருக்காவளா?"

"ஒங்க மருந்து கெட்டது பானையால இல்லை, நீங்க தண்ணி ஊத்தாததுனாலன்னு சொல்லுதாவக்கா."

"அப்படியும் இருக்கலாம். யாருக்குத் தெரியும்? அவிய பானையிலதான் மருந்தே இல்லையே." பெத்தம்மாள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "இன்னொருத்தி காலும் போகணுமாட்டி? போ. போய்ச் சொல்லு. சொல்லிட்டும் இங்க வராத. எனக்குக் கொஞ்ச நாள் உன்னைப் பாக்க வேண்டாம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு டீச்சர் வந்திருந்தாள். அவள் அம்மாவுக்குச் சுகர், வீடோ தகரக் கூரை, பிரிஜ் வாங்க வசதி இல்லை. நோட்டு எடுத்துக்கொண்டு நாவல் மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். உக்கிரபாண்டி பானைக்குப் பக்கத்தில் குத்தவைத்து விளக்கிக்கொண்டிருந்தார். "ரெண்டு வருசம் ஆச்சு டீச்சர். ஒருநாள் பிசகல."

"எழுதாதீங்க டீச்சர்," என்றாள் வெள்ளத்தாய்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பானையில இருக்கிறது தண்ணி. இவிய மருந்து சாம்சன் கடை பிரிஜ்ஜுல இருக்கு. ரெண்டு வருசமா அங்கதான் இருக்கு."

உக்கிரபாண்டி பானைக்குள் கைவிட்டுப் பாட்டிலை எடுத்தார். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார், தூர வைத்துப் பார்த்தார். தெரியவில்லை. கௌதம்ராஜிடம் நீட்டினார். "தேதியைப் படிச்சுச் சொல்லுப்பா."

கௌதம்ராஜ் பார்த்தான். பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கப் போனான்.

"படி."

"தேதி முடிஞ்சு ஒண்ணரை வருசம் ஆச்சு அண்ணாச்சி."

அவர் பெண்சாதியைப் பார்த்தார். "பெத்தம்மாளுக்குத் தெரியுமா?"

"வியாழக்கெழமை சொல்லிட்டேன்."

"எனக்குச் சொல்லணும்னு இத்தனை நாளும் தோணலியா?"

"சொல்லியிருந்தா நீங்க ஊசி போட்டிருக்க மாட்டீய."

அது நிசம் என்று அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அவருக்குத்தான் முதலில் தெரியும். அனுசியா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். டீச்சர் நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள். கௌதம்ராஜ் மெல்லக் கேட்டான். "அண்ணாச்சி, ஒரு சின்ன சோலார் பிரிஜ்... வாங்கிருவமா?"

எல்லாரும் அவர் வாயைப் பார்த்தார்கள்.

"வாங்குங்க," என்றார். அவ்வளவுதான். இரண்டு வருசத்துக்கு முன்னால் அந்த ஒரு சொல்லைச் சொல்லியிருக்கலாம். சொல்லக் கூடாது என்று இல்லை, அவருக்கு அப்போது வரவில்லை.

பிரிஜ் வந்தது. கௌதம்ராஜ் பானை வீடியோவை நெட்டிலிருந்து நீக்கிவிட்டான். நீக்கி என்ன? நாற்பதாயிரம் பேரில் எத்தனை பேர் பானை வனைந்து வைத்தார்களோ, எந்த வீட்டு மணல் காய்ந்து கிடக்கிறதோ என்று வெள்ளத்தாய்க்கு இன்றைக்கும் சோறு இறங்கவில்லை. உக்கிரபாண்டி கண் மங்கலோடு தனியாகச் சேத்தூருக்குப் பஸ் ஏறிப் போனார். ஒருமணி நேரம் அந்த வீட்டில் இருந்தாராம். அவர் என்ன சொன்னார், பெத்தம்மாள் என்ன சொன்னாள் என்பது வெளியே வரவில்லை. பெத்தம்மாள் தோப்புக்குத் திரும்பவில்லை. வெள்ளத்தாயை வரச்சொல்லி ஆளும் அனுப்பவில்லை.

இப்போது ஊசி போடுகிற நேரத்துக்கு அவராகவே வந்து உட்காருகிறார். கையை நீட்டுகிறார். அவள் குத்துகிறாள். முன்னெல்லாம், "மெதுவாட்டி, எருமைக்கா போடுத?" என்று ஏதாவது ஏசுவார். இப்போது ஒன்றும் சொல்வதில்லை. கோபமா, வெட்கமா, அவளுக்கும் தெரியவில்லை. உடம்பு நல்லாத்தான் இருக்கு. அவள் கேட்ட உயிர் அவளுக்குக் கிடைத்துவிட்டது. அந்த உயிர் அவளோடு பேச மாட்டேன் என்கிறது.

இம்புட்டு நேரம் பொறுத்துக் கேட்டீய, என் தங்கங்களா. உங்க வீட்டுல நோய்நொடி அண்டாம இருக்கட்டும். அப்படியே வந்தாலும், உள்ளதை உள்ளபடி சொல்ல உங்களுக்கு வாய் வரட்டும், அதைக் கேட்டுத் தாங்கிக்கிட உங்க வீட்டு மனுசருக்கு மனசு வரட்டும். உங்க அடுப்படியில ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துல பேச்சுச் சத்தம் ஓயாம, எல்லாரும் நல்லா இருங்க.