பன்னிரண்டாவது அடி

1

இந்தக் கதை என்னுடையதில்லை கண்ணுகளா. என் கடைசி நாத்தனார் நேற்றுத் தொலைபேசியில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் வரி இப்படி வந்தது: “சக்கர நாற்காலியில் அமர்ந்திருந்த அவள் விழிகளில் ஆயிரம் கனவுக—”

தூ. அவள் கண்ணில் மூக்குக்கண்ணாடிதான் இருந்தது. (ஒரு பக்கம் உடைந்து நூல் கட்டியது.)

மறுபடி. குடிநீர் அலுவலகத்தில் புகார் தொலைபேசி எடுப்பவள் என் நாத்தனார். விபத்துக்குப் பிறகு சக்கர நாற்காலியில், இரண்டு வருடம் வீட்டில். திங்கட்கிழமை பத்து மணிக்கு வேலையில் சேரலாம் என்று கடிதம் வந்தது. நிபந்தனை ஒன்று: பிறர் உதவியின்றி உள்ளே வர வேண்டும். முடியாவிட்டால் வேலை வேறொருவருக்கு. அலுவலக வாசல் தரையிலிருந்து இரண்டடி உயரத்தில். படிக்குப் பக்கத்தில் அவளுக்கென்று ஒரு சாய்தளம் கட்டினார்கள்.

2

இங்கே கொஞ்சம் கணக்கு. ஓடாதீர்கள். ஐந்தாவதோடு நின்ற எனக்கே புரிந்தது. எவ்வளவு உயர்கிறதோ அதை, தரையில் எவ்வளவு தூரம் போகிறதோ அதால் வகுத்தால் சாய்வு. பன்னிரண்டடி போய் ஓரடி ஏறினால் சக்கரம் தள்ளும் கை தாங்கும். ஆக, இரண்டடிக்கு இருபத்துநாலடி.

இருபத்துநாலடிதான் கட்டினார்கள். ஆனால் முதல் பன்னிரண்டடி மட்டம். மேலதிகாரியின் கார் அங்கேதான் திரும்பும். அது சாயக் கூடாதாம். [பாவம், காருக்குத் தலைசுற்றும்.] மீதிப் பன்னிரண்டடியிலேயே இரண்டடியும் ஏறியது. சாய்வு இரண்டு மடங்கு.

3

இதைக் கட்டவைத்த பொறியாளர்மேல் எனக்கே நம்பிக்கை வரவில்லை. இப்படி ஒருவர் இருப்பாரா? நல்லவராக்கிப் பார்த்தேன்: “படுத்த படுக்கையாகக் கிடக்கும் தாயை நினைத்து அவர்—” அடித்துவிட்டேன். இந்த ஆளுக்காக நான் ஏன் ஒரு அம்மாளைப் படுக்க வைக்க வேண்டும்?

வெள்ளிக்கிழமை, கொத்தனார் அளவுநாடாவின் ஒரு நுனியைக் கீழே பிடித்தார். பொறியாளர் மறுநுனியை வாசலில்.

“உயரம் ரெண்டு, நீளம் இருபத்துநாலு. பன்னிரண்டுல ஒண்ணு. பிரமாதம்!”

“நடுவுல ஒருதரம் அளங்க சார்,” என்றாள், அளப்பதைப் பார்க்க வந்திருந்த நாத்தனார்.

“எதுக்கும்மா? ஒரு கோட்டோட சாய்வுக்கு ரெண்டு புள்ளி போதும். ஸ்கூல்ல சொல்லித்தரலையா?”

“சொன்னாங்க சார். நேர்கோடா இருந்தா போதும்னாங்க. இது பாதியில முழங்காலை மடக்கியிருக்கே?”

“சராசரின்னு ஒண்ணு இருக்கும்மா.”

“நான் சராசரியா ஏற முடியாதே சார். அடி அடியாத்தானே ஏறணும்?”

கொத்தனார் இருமினார். (சிரிப்புதான்.) “நான் அன்னிக்கே சொன்னேன்...”

“நீ சும்மா இருய்யா.”

‘சாய்வு விதிப்படி உள்ளது’ என்று கையெழுத்து விழுந்தது.* இனி அவள் ஏறாவிட்டால் குற்றம் தளத்தில் இல்லை, அவள் தோளில். புரிகிறதா?

* இரண்டு நுனியை மட்டும் பார்க்கும் இந்தக் கணக்குப்படி, காலையில் வீட்டிலிருந்து கிளம்பி மாலையில் வீட்டுக்கே திரும்புகிறவர் நாள் முழுக்க அசையவே இல்லை. பொறியாளரின் வேலைநாளைப் பொறுத்தவரை அது உண்மைதான்.

4

இன்று திங்கள். முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

பொறியாளர் மனம் வருந்தி... எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

கொத்தனார் பின்னாலிருந்து தள்ளுகிறார். உங்களுக்குக் கண்ணீர் வரும். அவளுக்கு வேலை போகும்.

அவளே பல்லைக் கடித்து ஏறிவிடுகிறாள், எல்லோரும் கைதட்— வேண்டாம். அவள் ஏறிவிட்டால் தளம் சரியென்று ஆகிவிடும். அடுத்து வருகிறவளும் அதில்தான் பல்லைக் கடிக்க வேண்டும்.

இதைத்தான் நேற்று அவளும் சொன்னாள்: “நான் ஏறப்போறதில்ல அண்ணி. பன்னிரண்டாவது அடியில பிரேக் போட்டு உக்காரப்போறேன். உக்கார வசதியா மட்டமாத்தானே கட்டியிருக்காங்க! கார் எப்படித் திரும்புதுன்னு பாப்போம். எல்லாரும் இறங்கி வரட்டும், அவங்க கண்ணு முன்னாலயே அளக்கறேன்.”

“வேலை போயிடுமேடி?”

“போகலாம் அண்ணி.” அப்போது மட்டும் அவள் சிரிக்கவில்லை.

5

மணி பத்தடிக்கப் பத்து நிமிடம். ஆரம்பமும் முடிவும் தெரிந்தால் போதும் என்று கதை கேட்கிறவர்கள் உண்டு. அவர்கள் அந்தப் பொறியாளரிடம் போகட்டும்.

கார் வந்து ஹாரன் அடிக்கிறது. அவள் நகரவில்லை. அளவுநாடாவின் ஒரு நுனி அவள் சக்கரத்தடியில் இருக்கிறது. மறுநுனியை யாராவது ஏறிப்போய் மேலே வாசலில் வைத்துப் பிடிக்க வேண்டும். கொத்தனாரை இன்று வேறு வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். நான் இங்கே பேனாவோடு உட்கார்ந்திருக்கிறேன்.

உங்களுக்குக் கால் இருக்கிறதே கண்ணுகளா.