வெங்காயக் கவிதை

அம்மாவின் மேசையிலிருந்து மூன்றாவது இழுப்பறையையும் கஜந்தினி தரையில் கவிழ்த்தபோது, எண்ணெய் டாங்க் சுத்தம் செய்யும் தொழிலாளர் கேம்ப்பின் ஃபோர்மேன் மணிமாறன் வாசலில் வந்து நின்றார்.

"மேடம், பத்து மணிக்குக் கல்லறைல இருக்கணும். பசங்க அம்பது பேரு லீவு சொல்லிட்டு பஸ்ல கிளம்பிட்டாங்க. ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறாங்க. அம்மாவோட வெங்காயக் கவிதைய சார் படிக்கணுமாம்."

"அதைத்தான் தேடுறன் அண்ணா. கீழை நில்லுங்கோ, வாறம்."

அவர் படியிறங்கியதும், கட்டில் விளிம்பில் கறுப்புக் கோட்டோடு உட்கார்ந்திருந்த அப்பா கனகரத்தினம் சொன்னார். "தேடாதை பிள்ளை. அப்பிடி ஒரு கவிதையே இல்லை."

"என்னப்பா சொல்றீங்கள்?"

அம்மா லீதியா நான்கு நாள்களுக்கு முன் தூக்கத்திலேயே இறந்துபோனாள். ரஷ்யாவில் தன் ஊர் நெசவாலைப் பெண்களுக்காகக் கவிதை எழுதி, பத்திரிகை வேலையை இழந்தவள். லெனின்கிராட்டில் கப்பல் எஞ்சின் படிக்க வந்த யாழ்ப்பாணத்துக்காரரைக் கட்டிக்கொண்டு அமீரகத்துப் புஜைராவுக்கு வந்தும் கை சும்மா இருக்கவில்லை. எண்ணெய் டாங்குகளுக்குள் இறங்குகிறவர்களைப் பற்றி எழுதினாள். விடுமுறை நாள்களில் கேம்ப்புக்கே போய் வாசித்தாள். ஒரு வரி ரஷ்யனில் அவள், ஒரு வரி தமிழில் அப்பா.

"கொம்மா எழுதினது, குனிஞ்ச முதுகு ஒரு 'லூக்' எண்டு," என்றார் அப்பா. "எனக்குத் தெரிஞ்சது எஞ்சின் ரஷ்யனும் குசினி ரஷ்யனும்தான். லூக் எண்டால் வெங்காயம். சொல்லிப்போட்டன். முதுகு எப்பிடி வெங்காயமாகும்? அத்தினை பேரும் என்ரை வாயைப் பாத்துக்கொண்டு நிக்கினம். வாயிலை வந்த ரெண்டு வரியை விட்டன்."

"லூக் எண்டால் வில் எண்டும் கருத்து இருக்கே அப்பா!"

"ரெண்டு மாசம் கழிச்சு அகராதியிலை பாத்தனான். அதுக்குள்ளை கேம்ப் முழுக்கப் பரவீட்டுது. அவவிட்டைச் சொல்லப் பயம். பன்னிரண்டு வருசம் ஓடீட்டுது. இண்டைக்கு அவவின்ரை பெட்டிக்குப் பக்கத்திலை நிண்டு, அவவின்ரை பேரிலை என்ரை பொய்யை வாசிக்கேலாது. பெடியளிட்டை உண்மையைச் சொல்லப்போறன்."

கஜந்தினி தரையில் கிடந்த காகிதங்களைக் கிளறினாள். அந்தப் பொய்யைக் கேட்கத்தான் ஐம்பது பேர் வந்துகொண்டிருந்தார்கள். அதைப் பிடுங்கிக்கொண்டு அவர்களை எப்படித் திருப்பி அனுப்புவது? கை தன்பாட்டில் ஒரு நீலக் கொப்பியைப் புரட்டியது. நடுவில் ஒரு பக்கத்தில் நின்றது. அவள் சத்தமாகச் சிரித்துவிட்டாள்.

"செத்த வீட்டிலை என்னடி சிரிப்பு?"

"வாசியுங்கோ."

வில் வந்த வரி ஒரே கோட்டில் வெட்டப்பட்டிருந்தது. கீழே அம்மாவின் சாய்ந்த ரஷ்ய எழுத்து:

'வெங்காயத்தை உரிக்கிறவன் அழுகிறான். எங்களை உரிக்கிறவன் சிரிக்கிறான்.'

ஓரத்தில் பொடியாக ஒரு குறிப்பு: 'கனகு சொன்னது. என்னுடையதைவிட நல்லது. அவரிடம் சொல்லக் கூடாது, தலைக்கனம் வந்துவிடும்.'

"இவவுக்கு எப்பிடித் தெரியும்?"

"அப்பா, அம்மா முதல் முதல் படிச்ச தமிழ்ச் சொல்லே வெங்காயம்தானே! கடையிலை அவ அழுகினதைப் பொறுக்கி எறிஞ்சு சண்டை பிடிக்கேக்கை நீங்கள் பக்கத்திலை நிக்கேல்லையே? மிச்சத்தைப் பெடியளிட்டைக் கேட்டிருப்பா."

அப்பா கண்ணாடியைக் கழற்றினார். கோட்டு நுனியால் வெகுநேரம் துடைத்தார்.

"கள்ளி," என்றார். "பன்னிரண்டு வருசமா என்னை முழிக்கவிட்டுப் பாத்துக்கொண்டிருந்திருக்கிறாள்."

கல்லறையில் மலைப்பக்கமிருந்து காற்று அடித்தது. ஐம்பது பேரும் தலை சீவி, தோய்த்த சட்டையோடு நின்றார்கள்.

"இது நாங்கள் ரெண்டு பேரும் சேந்து எழுதின கவிதை," என்று அப்பா தொடங்கினார். "எனக்கே இண்டைக்குக் காலமைதான் தெரியும்."

கஜந்தினி ரஷ்யனில் வாசித்தாள். அப்பா தமிழில் சொன்னார். இரண்டாவது வரியை அவர் தொடங்குமுன்பே பின்வரிசை சொல்லி முடித்துச் சிரித்துவிட்டது.

"டேய், யார்றா அது? எங்க நிக்கிறோம்னு தெரியல?" என்று திரும்பிய மணிமாறனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்கட்டும் தம்பி. அவவுக்கும் அதுதான் விருப்பம்," என்றார் அப்பா. "பிள்ளை, இன்னொருக்கா வாசி."

அவருக்கும் பக்கம் தெரியட்டும் என்று கஜந்தினி கொப்பியோடு நெருங்கினாள். அப்பா, அம்மாவுக்கு இடம் விட்டு நின்ற பழக்கத்தில், வலப்பக்கம் தள்ளி நின்றார். இருவருக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கும் அளவு இடம் இருந்தது.

அவள் அதை அப்படியே விட்டு, கையை நீட்டிக் கொப்பியை நடுவில் பிடித்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினாள்.