அந்தோணியார் கொடுத்த வேகம்

என் அக்கா வியாகுலம்மாள் அந்தோணியாரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: புருஷனுக்குக் கொஞ்சம் சுறுசுறுப்பு. ஸ்டானிஸ்லாஸ் மாமாவுக்குத் துறைமுகத்தில், கப்பலுக்குச் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டுகிற வேலை. கரையிலிருந்து மூட்டைக்கட்டைத் தூக்கி அவர் கப்பலின் அடியில் இறக்குவதற்குள், அங்கே மூட்டை அடுக்க நிற்கிற நாங்கள் ஒரு பீடி குடித்து முடித்துவிடுவோம். அக்கா ஒன்பது செவ்வாய்க்கிழமை மெழுகுவத்தி ஏற்றினாள். எழுபத்து நாலாம் வருஷத் தவக்காலத்துக்குள் பலித்துவிட்டது.

சும்மாவா பலித்தது? மாமா நாலு ஆள் சோற்றை ஒருவரே தின்றார், அப்படியும் இளைத்தார். கண் இரண்டும் பிதுங்கி நின்றன. அருள் இறங்கிவிட்டதாக ராயபுரத்தில் பேசிக்கொண்டார்கள். கை வெடவெடத்தது, நெஞ்சு படபடத்தது, விஞ்ச் பறந்தது. எங்களை வேலை வாங்குகிற கருணாகரன் மேஸ்திரி அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடினான். அக்கா காணிக்கையாக வெள்ளியில் ஒரு கை செய்து, அந்தோணியார் சிலை இருக்கிற கெபியில் கட்டினாள். நோய்க்கு நன்றிக்கடன் செலுத்திய குடும்பம் உலகத்திலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும்.

மூட்டைக்கட்டு ஆடுவது என் தலைக்கு மேல் அல்லவா? நான்தான் அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன். டாக்டரம்மா கழுத்தைத் தடவி, ரத்தம் எடுத்துப் பார்த்து, தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கிறது என்றார். அதற்கு நெஞ்சு ஏன் படபடக்கிறது என்று கேட்டேன். இதயத் தசையின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் கால்சியத்துக்கு ஒரு கிடங்கு உண்டாம். கால்சியம் வெளியே வந்தால் தசை சுருங்கும், திரும்ப உள்ளே போனால் தளரும். தைராய்டு ஹார்மோன் மிஞ்சினால் அந்தப் போக்குவரத்தை விரட்டோ விரட்டென்று விரட்டுமாம். வெளிநாட்டில் இப்போதுதான் இதைக் கண்டுபிடித்து வருகிறார்களாம். விட்டால் ஒரு நாள் துடிப்பே தாறுமாறாகிவிடும் என்று எச்சரித்து மாத்திரை எழுதினார். அடங்கும்வரை விஞ்சைத் தொடக்கூடாது.

அக்கா மாத்திரையைச் சாக்கடையில் கொட்டினாள்.

“கேட்டு வாங்கினத்த திருப்பிக் குடுத்தா அந்தோணியாரு இன்னா நென்ச்சுக்குவாரு?”

மேஸ்திரியும் ஒத்து ஊதினான்: மாமாவுக்கு ஒரு கேடும் இல்லை, மச்சான் எனக்குத்தான் வயிற்றெரிச்சல் என்றான். அந்த மனுஷனும் தலையாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

மூன்றாம் நாள் சர்க்கரை ஏற்றினோம். கட்டு என் தலைக்கு நேர் மேலே வந்து நின்றது. என்னைச் சுற்றி மூட்டை; ஒதுங்க இடமில்லை. இறக்கு, இறக்கு என்று மேஸ்திரி கத்தினான். மாமா பிரேக்கைப் பூட்டிவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

“கீய என் மச்சான் வால்டரு கீறான். என் கை எங்கிட்ட இல்ல. எறக்க மாட்டேன்,” என்றார்.

சொன்னவர் அப்படியே சரிந்தார்.

ஆஸ்பத்திரியில் அக்கா ராப்பகலாகக் கட்டிலை விட்டு நகரவில்லை. ஒவ்வொரு மாத்திரையையும் தன் கையாலேயே கொடுத்தாள். திட்டுவதற்குச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் அவள் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டு, டீ வாங்கி வந்து கொடுத்தேன். நாலாம் நாள் துடிப்பு ஒரு நிலைக்கு வந்தது. பிழைத்துவிட்டார், இனி பழையபடி நிதானமாகத்தான் இருப்பார் என்றார் டாக்டரம்மா. அக்கா ஓவென்று அழுதுவிட்டாள்.

சாயங்காலம் மேஸ்திரி சாத்துக்குடியோடு வந்தான். மாமாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, டாக்டரம்மாவை ஓரமாகக் கூப்பிட்டு, இந்த நோய் ஒட்டிக்கொள்ளுமா என்று கேட்டான். பயப்பட வேண்டாம், ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு வராது என்று அவர் தைரியம் சொன்னார். மேஸ்திரியின் முகம் தொங்கிப்போயிற்று.

“மத்தவனுங்கோ எல்லாம் ரொம்ப ஸ்லோவா கீறானுங்கோ, டாக்டரம்மா,” என்றான்.